புதன்கிழமைப் பாட்டு

“பாட்டை நிறுத்துங்க சார்.”

வெள்ளிக்கிழமை காலை எட்டரை மணிக்கு, ஓடிக்கொண்டிருக்கும் நாற்பது பிரஸ் மெஷின்களுக்கு நடுவில் நின்று ஜெயப்ரியா இதைச் சொன்னாள். இதைக் கேட்கவே கூடாது என்று அவளுக்குச் சொல்லி வைத்திருந்தார்கள். வேலைக்குச் சேர்ந்த அன்றைக்கே பர்சனல் மேனேஜர் தேவானந்தம் எதிரில் உட்காரவைத்துச் சொன்னார். லீவு கேட்கலாம், வேறு செக்‌ஷன் கேட்கலாம், தன்னோடு சண்டைகூடப் போடலாம். ஆனால் ஷாப்புக்குள், அதாவது மெஷின் கூடத்துக்குள், ஓடிக்கொண்டிருக்கிற எதையும் நிறுத்தச் சொல்லி ஆபீஸ் ஆள் கேட்கக் கூடாது. மெஷினானாலும் சரி, மின்விசிறியானாலும் சரி. சிரித்துக்கொண்டேதான் சொன்னார். அவர் எதையுமே சிரித்துக்கொண்டுதான் சொல்வார்.

சூப்பர்வைசர் தனசிங்குக்குக் காது நன்றாகவே கேட்கும். இருந்தும் கையைக் காதோரம் வைத்து, என்ன என்பதுபோலக் குனிந்தார். அவள் இன்னொரு தடவை சொன்னாள், கத்தி. பக்கத்து வரிசையில் இரண்டு பெண்கள் தலையைத் தூக்கிவிட்டு உடனே குனிந்துகொண்டார்கள். கூரைத் தகட்டுக்குக் கீழே கட்டியிருந்த ஒலிபெருக்கிகளில், வெள்ளிக்கிழமைக்கு என்று அவளே தேர்ந்தெடுத்த ராக் பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. கடைசி வரிசையில் முப்பத்தோராம் நம்பர் பிரஸ்ஸைக் கழுவித் துடைத்து யாரோ ஒரு புதுப் பெண்ணை உட்காரவைத்திருந்தார்கள். அந்தப் பக்கம் இன்னும் பினாயில் வாசனை அடித்தது. முந்தாநாள் மத்தியானம் வரைக்கும் அது பொன்னியின் மெஷின்.

தனசிங் அவளை ஓரமாகத் தள்ளிக்கொண்டு போனார். பாட்டை நிறுத்துவது தன் கையில் இல்லை, மேனேஜர் பதினொரு மணிக்கு வருவார், அவரிடம் போய்க் கேள் என்றார். அதோடு விட்டிருக்கலாம். விடவில்லை.

“புதன்கிழமைப் பாட்டை எடுத்துடுன்னு நான் சொன்னப்போ, முடியாதுன்னு மல்லுக்கு நின்னது யாரும்மா?”

கேட்டது நியாயமான கேள்வி.

சிங்கப்பெருமாள் கோவிலுக்கு மேற்கே, வயலாக இருந்த இடத்தில் வந்த கம்பெனி அது. கார் சீட்டுக்கு அடியில் போகும் இரும்புக் கிளிப்புகளை அடித்துத் தள்ளுவார்கள். தகட்டை வைக்க வேண்டும், பெடலை மிதிக்க வேண்டும், எடுக்க வேண்டும். ஒரு ஷிஃப்டுக்கு ஓர் ஆள் இதை நாலாயிரம் தடவை செய்ய வேண்டும். தாம்பரம், வண்டலூர், கூடுவாஞ்சேரி என்று கம்பெனி பஸ் பொறுக்கிக்கொண்டு வருகிற பெண்கள்தான் முழுக்க. அவர்களுடைய லீவு, பஸ், கேன்டீன், சண்டை எல்லாவற்றையும் பார்க்கிற வேலை ஜெயப்ரியாவுக்கு. இரும்புலியூரில் ஏழு குடித்தனம் இருந்த காம்பவுண்டில் முதன்முதலாகக் கல்லூரிக்குப் போனவள் அவள். அவள் வீட்டில் மட்டும் இல்லை, அந்தக் காம்பவுண்டிலேயே முதல். கோவளத்துக் குப்பத்திலிருந்து வந்து தாம்பரம் மார்க்கெட்டில் மீன் விற்கும் அம்மா, மகளுடைய கம்பெனி அடையாள அட்டையை வருகிறவர் போகிறவருக்கெல்லாம் காட்டுவாள். பக்கத்துப் போர்ஷன் பொன்னி அதைப் பார்த்துத்தான், எனக்கும் அங்கே ஒரு வேலை பாருடி என்று பிடித்துக்கொண்டாள். பொன்னி எட்டாம் வகுப்பு வரை. வண்டலூர் பக்கம் ஒரு வீட்டில் பாத்திரம் தேய்த்துக்கொண்டிருந்தவளைக் கூட்டிக்கொண்டு போய் முப்பத்தோராம் நம்பரில் உட்காரவைத்தது ஜெயப்ரியாதான்.

பாட்டு யோசனை தேவானந்தத்துடையது. பெங்களூரில் மூன்று நாள் பயிற்சிக்குப் போய்விட்டு ஒரு தடிமனான ஃபைலோடு வந்தார். வாரத்தில் ஒவ்வொரு நாளும் ஆளுடைய மனசு ஒவ்வொரு மாதிரி இருக்கும், அதற்கேற்ற பாட்டைப் போட்டால் மனசு தூக்கும், மனசு தூக்கினால் கை வேகமாகும் என்று அதில் படம் வரைந்து காட்டியிருந்தது. முதலில் சினிமாப் பாட்டுத்தான் போட்டுப் பார்த்தார்கள். அம்மா பாட்டு வந்தால் அழுதார்கள். காதல் பாட்டு வந்தால் ஒருத்தியை ஒருத்தி பேர் சொல்லிச் சீண்டினார்கள். குத்துப்பாட்டு வந்தால் முழு வரிசையும் சேர்ந்து பாடியது. வாய் பாடினால் கை நிற்கிறது என்று தனசிங் எழுதிக்கொடுத்தார். பிறகு வெறும் வீணை. சாப்பாட்டு நேரத்துக்கு அப்புறம் இரண்டு பேர் மெஷின்மேலேயே தூங்கிவிட்டார்கள்.

அப்போதுதான் ஒரு மீட்டிங்கில் ஜெயப்ரியா வாயைத் திறந்தாள். வார்த்தை புரியாத பாட்டாகப் போடுங்கள், இங்கிலீஷ் ராக் போடுங்கள் என்றாள். தேவானந்தம் சிரித்தார். உனக்கு அதெல்லாம் தெரியுமா என்று கேட்டார். அந்த ‘உனக்கு’ என்பதில் மார்க்கெட், மீன்கூடை, இரும்புலியூர் எல்லாம் இருந்தது. மறுநாளே பன்னிரண்டு சிடி கொண்டுவந்து அவர் மேஜையில் வைத்தாள்.

சிடிகள் அஃப்ஷானுடையவை. தாம்பரத்துப் பழைய கிறிஸ்தவக் கல்லூரியில் கூடப் படித்தவள். அப்பாவுக்கு ஸ்டேஷன் பக்கத்தில் கடிகாரக் கடை, அண்ணன் துபாயில். அவன் அனுப்பும் சிடிகளை மரத்தடியில் உட்கார்ந்து ஆளுக்கொரு காதில் இயர்ஃபோனை மாட்டிக் கேட்பார்கள். முதலில் ஜெயப்ரியாவுக்கு அந்தப் பாட்டுகள் மேலேயே வெறுப்பு. அவளுடைய இங்கிலீஷைக் கேட்டுச் சிரித்த கூட்டத்தின் பாட்டு அது. ஒரு மழை நாளில் அஃப்ஷான் வரிகளை எழுதிக் காட்டியபோதுதான், பாடுகிறவன் ஆலை மூடிய ஊரிலிருந்து வந்தவன், முதலாளியைத் திட்டிக்கொண்டிருக்கிறான் என்று தெரிந்தது. இங்கிலீஷில் கோபப்பட முடியும் என்பதே அன்றுவரைக்கும் அவளுக்குத் தெரியாது. தப்பில்லாமல் பேசத்தான் முடியும் என்று நினைத்திருந்தாள்.

ராக் வேலை செய்தது. யாரும் கூடப் பாடவில்லை, யாரும் தூங்கவில்லை, கை டிரம்ஸோடு போயிற்று. பட்டியல் போடும் பொறுப்பு அவளுக்கு வந்தது. வாரா வாரம் தேவானந்தம் அதில் டிக் அடிப்பார். ஆனால் அவளுக்கு வெறும் பட்டியல் போதவில்லை. திங்கட்கிழமை காலையில், பெண்கள் கார்டு பஞ்ச் பண்ணும் இடத்தில், தன் கையெழுத்தில் ஒரு தாளை ஒட்டினாள். எந்த நாளுக்கு எந்தப் பாட்டு, ஏன், எப்படிக் கேட்க வேண்டும்.

‘திங்கள்: ஞாயிற்றுக்கிழமை துவைத்துப் போட்ட துணி காயாத மாதிரி உடம்பு இருக்கும். இந்தப் பாட்டில் முதல் ஒரு நிமிஷம் டிரம்ஸ் மட்டும்தான். அதோடு போங்கள். வார்த்தை புரியவில்லையே என்று கவலை வேண்டாம். பாடுகிறவனுக்கே பாதி புரிந்திருக்காது.’

‘வியாழன்: யாராவது திட்டினால் மனசுக்குள் திருப்பித் திட்டுவதற்கு இரண்டாவது நிமிஷத்தில் இடம் விட்டிருக்கிறார்கள். உபயோகித்துக்கொள்ளவும்.’

வரிசையில் நின்று வாய்விட்டுப் படிப்பார்கள். படிக்கத் தெரியாதவர்களுக்குப் பொன்னி படித்துக் காட்டுவாள், தன் சரக்கையும் சேர்த்து. “இன்னாடி இவன், வவுத்து வலி வந்தவனாட்டம் கத்திகினு கீறான்? யாராச்சும் ஓமத் தண்ணி குடுங்கடி” என்று அவள் சொன்னது ஒரு மாசம் ஷாப்பில் ஓடியது. அதே பொன்னி, காம்பவுண்டில் குழாயடியில் குடம் நிரம்பும்போது திங்கட்கிழமை டிரம்ஸைக் குடத்தின்மேல் தட்டுவாள். தட்டு தப்பாது. அதைக் கேட்கும்போது, படித்ததில் இதற்காவது அர்த்தம் இருந்தது என்று ஜெயப்ரியாவுக்குத் தோன்றும்.

புதன்கிழமைதான் மோசமான நாள். போன ஞாயிறும் தெரியாது, வருகிற ஞாயிறும் தெரியாது. மத்தியானம் இரண்டரை மணி அதிலும் மோசம். அதற்கு அவள் ஒரு பாட்டு வைத்திருந்தாள், தனக்கு மிகவும் பிடித்தது. பள்ளிக்கூட மணி ஒன்று எட்டு விநாடி விடாமல் அடிக்கும். பிறகு ஒரே ஒரு கிடார் உள்ளே நுழையும். பிறகு எல்லாம் சேர்ந்து வெடிக்கும்.

அந்த ஷாப்பிலும் ஒரு மணி இருந்தது. பிரஸ்கள் காற்றழுத்தத்தில் ஓடுபவை. கரண்ட் போய் ஜெனரேட்டர் பிடித்ததும் காற்றைத் திறப்பார்கள். திறந்த முதல் நொடியில், யாரும் பெடலை மிதிக்காமலே, ஒவ்வொரு பிரஸ்ஸும் தானாக ஒரு தடவை இறங்கிவிட்டுத்தான் ஏறும். அது இறங்காமல் இருக்க ஒரு வால்வு மாற்ற வேண்டும் என்று மெயின்டனன்ஸ்காரர்கள் எழுதிக்கொடுத்து இரண்டு வருஷம். வால்வு வரவில்லை, மணி வந்தது. காற்றைத் திறக்கும் முன் பத்து விநாடி மணி அடிப்பார்கள். அடித்தால் நாற்பது பேரும் கையை வெளியே எடுத்து மேலே தூக்க வேண்டும். அந்த 2008ஆம் வருஷம் மின்வெட்டு இல்லாத நாள் கிடையாது. கை எடுக்கும் மணி நாளைக்கு இரண்டு தடவை, மூன்று தடவை அடிக்கும்.

முதல் புதன்கிழமை பாட்டில் மணி அடித்ததும் எண்பது கைகளும் மேலே போயின. பிறகு கிடார் வந்தது. எல்லாரும் தூக்கிய கையை ஆட்டிக்கொண்டு சிரித்தார்கள். ஒரு நிமிஷம் ஷாப்பே கல்யாண வீடு மாதிரி இருந்தது. தனசிங் அவளைத் தேடி ஆபீசுக்கு வந்தார். இந்தப் பாட்டு வேண்டாம், மணியும் மணியும் குழம்பும் என்றார். பெண்களை நாயே பேயே என்று பேசுகிற வாய் அது. அந்த வாயிலிருந்து வந்தது என்பதற்காகவே அவள் காது கொடுக்கவில்லை. உங்களுக்கு அவர்கள் சிரித்தது பொறுக்கவில்லை என்று முகத்துக்கு நேரே சொன்னாள். விஷயம் தேவானந்தத்திடம் போனது. அவர் அன்று மத்தியானக் கணக்கைப் பார்த்தார், கிளிப்புகள் கூடியிருந்தன, டிக் அடித்தார்.

இரண்டாவது புதன்கிழமை பாதிப் பேர்தான் கையைத் தூக்கினார்கள். மூன்றாவது புதன்கிழமை யாரும் தூக்கவில்லை. அதை அவள் ஆபீஸ் கண்ணாடி வழியாகப் பார்த்தாள். பாட்டுக்குப் பழகிவிட்டார்கள் என்று நினைத்துச் சந்தோஷப்பட்டாள்.

நான்காவது புதன்கிழமை, இரண்டு இருபத்தைந்துக்குக் கரண்ட் போனது. பாட்டுப் போடும் கம்ப்யூட்டருக்கு மட்டும் தனி பேட்டரி, அதனால் பாட்டு நிற்கவில்லை. நின்றுபோன பிரஸ்ஸில் மாட்டியிருந்த துண்டுத் தகட்டைப் பொன்னி கைவிட்டு எடுத்துக்கொண்டிருந்தாள். கரண்ட் இல்லாதபோதுதான் அந்த வேலையைச் செய்ய வேண்டும், அப்படித்தான் சொல்லிக்கொடுத்திருக்கிறார்கள். ஓடிக்கொண்டிருந்த பாட்டு முடிந்தது. அடுத்த பாட்டு வருவதற்கு முன்னால் ஓர் இடைவெளி. அந்த இடைவெளியில் மணி அடித்தது. மணி இரண்டரை.

வலது கையில் மூன்று விரல்.

குரோம்பேட்டையில் ஒரு தனியார் ஆஸ்பத்திரியில் சேர்த்திருந்தார்கள். ஜெயப்ரியா வியாழக்கிழமை லீவு எழுதிக்கொடுத்துவிட்டு அங்கே போனாள். கட்டிலுக்கு அடியில் ஆரஞ்சுப் பழப் பை, ஹார்லிக்ஸ். தேவானந்தம் காலையிலேயே வந்துவிட்டுப் போயிருந்தார். பொன்னியின் புருஷன் கங்காதரன் சுவரைப் பார்த்து உட்கார்ந்திருந்தான். பெயின்ட் வேலையிலிருந்து அப்படியே வந்தவன், முழங்கை வரைக்கும் நீலச் சாயம். அவளைப் பார்த்ததும் எழுந்து வெளியே போனான்.

பொன்னியின் கை தலையணை அளவுக்குக் கட்டுப் போட்டுக் கம்பியில் தொங்கியது. முகம் வீங்கியிருந்தது. பேச்சு மட்டும் அப்படியே இருந்தது. அதுதான் தாங்க முடியவில்லை.

“உன் பாட்டுன்னு நெனச்சிட்டேன்டி” என்றாள். “இப்ப கிடார் வரும், இப்ப வரும்னு பாத்துகினே இருந்தேன்.”

ஜெயப்ரியா கட்டில் கம்பியைப் பிடித்துக்கொண்டு நின்றாள்.

பொன்னி இடது கையைத் தூக்கிக் காட்டினாள். கட்டைவிரலில் நீல மை. மேனேஜர் ஒரு தாளில் ரேகை வாங்கிக்கொண்டு போனாராம். ஆஸ்பத்திரிக் காகிதம் என்று நினைத்தாளாம், கம்பெனிக் காகிதம் என்றாராம். இங்கிலீஷில் இருந்ததாம், படித்துக் காட்டவில்லை.

“எனக்குக் கையெழுத்துப் போட வரும்னு சொன்னேன். மறந்துட்டு சொல்லிட்டேன். அவரு என் கையப் பாத்தாரு, நானும் பாத்தேன்.” சிரிக்க முயன்றாள். வரவில்லை. “அதுல இன்னா எழுதிகீதுன்னு பாத்து சொல்லுடி. நீதான் படிச்சவளாச்சே.”

சாயங்காலம் ஷிஃப்ட் விட்டு வரும் கம்பெனி பஸ்ஸை வண்டலூர் கேட்டில் காத்திருந்து பிடித்தாள் ஜெயப்ரியா. தாம்பரம் வரைக்கும் ஒவ்வொரு சீட்டாகப் போய் ஒரே ஒரு கேள்வி கேட்டாள்: நேற்று மணி அடித்தபோது கையை எடுத்தாயா? முதலில் எல்லாரும் ஆமாம் என்றார்கள். பெருங்களத்தூர் தாண்டுவதற்குள் ஒருத்தி இல்லை என்றாள், குரலை இறக்கி. பிறகு இன்னொருத்தி. செல்வமேரி என்கிற பெண், தான் அந்த நேரத்தில் தலைமுடியை முடிந்துகொண்டிருந்ததால் தப்பித்ததாகவும், இல்லையென்றால் தன் கையும் உள்ளேதான் இருந்திருக்கும் என்றும் சொன்னாள். தாம்பரம் ஸ்டேஷனில் இறங்கும்போது எண்ணிக்கை பதினொன்று. பொன்னியோடு பன்னிரண்டு. இதை எழுதிக் கையெழுத்துப் போடுவாயா என்று கேட்டதும் எல்லாருக்கும் அவசரமாக இறங்க வேண்டியிருந்தது. அவர்கள்மேல் அவளுக்குக் கோபம் வந்தது. கோபப்படுவதற்குத் தனக்கு என்ன யோக்கியதை என்றும் தோன்றியது. ஒரே சமயத்தில் இரண்டும்.

வெள்ளிக்கிழமை பதினொரு மணிக்குத் தேவானந்தம் வந்தார். அவளை உட்காரச் சொன்னார். காலையில் ஷாப்புக்குள் நடந்ததைக் கேள்விப்பட்டதாகவும், மனசு கஷ்டத்தில் பேசியது என்று எடுத்துக்கொண்டதாகவும் சொன்னார். பாட்டைத் திடீரென்று நிறுத்தினால் பாட்டில் ஏதோ தப்பு என்று நாமே ஒத்துக்கொண்டதாக ஆகும், அதனால் கொஞ்ச நாள் ஓடட்டும், பிறகு மெல்லக் குறைத்துக்கொள்ளலாம் என்றார். சொல்லிவிட்டு டிராயரிலிருந்து ஒரு தாளை எடுத்து அவள் பக்கம் திருப்பி வைத்தார்.

இசை ஒலிபரப்புக்குப் பொறுப்பாளர் என்ற முறையில் அவள் தரும் வாக்குமூலம். டைப் அடித்துத் தயாராக இருந்தது. விபத்து நடந்த நேரத்தில் ஒலிபெருக்கியில் பாட்டு எதுவும் ஓடவில்லை. எச்சரிக்கை மணி தெளிவாக ஒலித்தது. தொழிலாளி கையை எடுக்கவில்லை. மூன்றே வரி.

“இதுல ஒரு வரி பொய் இருந்தா சொல்லு, அடிச்சிடறேன்” என்றார் தேவானந்தம்.

அவள் இரண்டு தடவை படித்தாள். பொய் இல்லை. பாட்டு ஓடவில்லைதான். மணி அடித்ததுதான். கை எடுக்கவில்லைதான். இப்படி மூன்று உண்மைகளை அடுக்கி வைக்க முடியும் என்று அவளுக்கு எந்தக் கல்லூரியிலும் சொல்லிக்கொடுக்கவில்லை. இந்த மூன்று வரியும் பொன்னியின் ரேகையும் சேர்ந்தால் தொழிலாளியின் கவனக்குறைவு என்று பதிவாகிவிடும். அதற்கப்புறம் பொன்னியைத் திரும்ப எடுக்க வேண்டிய கட்டாயம் கம்பெனிக்கு இல்லை. வால்வு வராது. முப்பத்தோராம் நம்பரில் அந்தப் புதுப் பெண் உட்கார்ந்திருப்பாள்.

“பொன்னிகிட்ட ரேகை வாங்கின பேப்பரைக் காட்டுங்க சார்.”

அது ஹெட் ஆபீசுக்குப் போய்விட்டது என்றார். அதில் இருப்பதும் இதேதான் என்றார்.

“அன்னிக்கு அவ மட்டும் இல்ல சார். இன்னும் பதினோரு பேர் கை எடுக்கல.”

தேவானந்தம் பேனா மூடியைத் திறந்தார். “யார் யாருன்னு சொல்லு.”

அந்தப் பேனா எதற்கு என்று அவளுக்குப் புரிய ஒரு நொடி ஆனது. பேர்களை அவர் எழுதிக்கொள்வார். சாயங்காலம் பஸ்ஸில் பதினோரு சீட்டு காலியாக இருக்கும்.

“பேர் சொல்ல மாட்டேன்.”

“அப்போ அப்படி யாரும் இல்லைன்னுதானே அர்த்தம்?” பேனாவை மூடினார். கோபமே இல்லை அவருக்கு. நாற்காலியை முன்னால் இழுத்துக்கொண்டு, வீட்டுப் பெண்ணுக்குச் சொல்வதுபோலச் சொன்னார். இந்த விபத்துக்காகத் திங்கட்கிழமை அரசாங்க இன்ஸ்பெக்‌ஷன் வருகிறது. இந்தத் தாள் இருந்தால் ஒரு மணி நேரத்தில் முடிந்துவிடும். ஏப்ரலில் அவள் வேலையைக் கன்ஃபர்ம் பண்ணுவதற்கு ஏற்கெனவே எழுதிவிட்டார். பொன்னிக்கு வேறு ஏதாவது பார்க்கலாம், கேன்டீனில் டோக்கன் வாங்குகிற மாதிரி, தன்னால் முடிந்ததைச் செய்வார். ஆனால் பாட்டு விஷயம் வெளியே வந்தால் ஒன்றை அவள் யோசித்துக்கொள்ள வேண்டும்.

“முதல்ல வர்ற பேர் உன்னுது. போர்டுல ஒட்டியிருக்கறது உன் கையெழுத்து. இந்தக் கம்பெனியில வேற யாருக்கும் அந்தப் பாட்டோட பேர்கூடத் தெரியாது. நாளைக்குப் பொன்னி வீட்டுக்காரர் காம்பவுண்டுல நின்னு கேட்டா என்னம்மா சொல்லுவ?”

அவன் கேட்கத்தான் போகிறான். நேற்றே, எழுந்து வெளியே போனபோதே, கேட்டுவிட்டான். அவள் அம்மா அந்தக் காம்பவுண்டில்தான் தினமும் கூடையை இறக்க வேண்டும். அதே குழாயில்தான் தண்ணீர் பிடிக்க வேண்டும். தேவானந்தம் சொன்னதையெல்லாம் அவள் நேற்று இரவே யோசித்திருந்தாள். காலையில் கம்பெனி பஸ் ஏறும்போதே முடிவு பண்ணியாகிவிட்டது. கையெழுத்துப் போடாமல் இங்கேயே இருந்துவிட வழி இருக்கிறதா என்று மட்டும்தான் பார்க்க வந்திருந்தாள். இல்லை.

“நான்தான் போட்டேன் சார்” என்றாள். குரல் உயரவில்லை. “தனசிங் சார் எடுக்கச் சொன்னார், நான் எடுக்கல. நீங்க டிக் அடிச்சீங்க. வால்வு ரெண்டு வருஷமா மாத்தல. நாலையும் சொல்லப் போறேன், இதே வரிசையில. என் பேர் முதல்ல வரட்டும்.”

“யார்கிட்ட சொல்லுவ?”

“ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ்ல. திங்கட்கிழமை வரைக்கும் இல்ல, இன்னிக்கே.”

முதல் தடவையாக அவர் முகத்தில் சிரிப்பு இல்லை. இந்த வாசலைத் தாண்டினால் திரும்பி வந்து நிற்கக் கூடாது என்றார். உன் அம்மாவை நினைத்துப் பார் என்றார். வீட்டுக்கு முதல் பட்டதாரி என்றால் இப்படித்தான், ஒரு தலைமுறை போனால்தான் பக்குவம் வரும் என்று, அவளிடமில்லாமல் ஜன்னலைப் பார்த்துச் சொன்னார். மேஜைமேல் இருந்த தாளை அவள் கிழிக்கவில்லை. அவர் பக்கமே திருப்பி வைத்தாள். கழுத்திலிருந்து அடையாள அட்டையைக் கழற்றி அதன்மேல் வைத்தாள்.

ஷாப் வழியாகத்தான் வெளியே போக வேண்டும். பாட்டு ஓடிக்கொண்டிருந்தது. எந்தப் பாட்டு என்று அவள் கவனிக்கவில்லை. செல்வமேரி பார்த்துவிட்டுப் பார்க்காததுபோலத் தகட்டை எடுத்தாள். தனசிங் நடைபாதையில் நின்றுகொண்டிருந்தார். அவள் நின்றாள். நீங்கள் சொன்னது சரி, எடுத்திருக்க வேண்டும் என்றாள். அவர் அதற்குச் சந்தோஷப்படவில்லை. ஏதோ சொல்ல வந்து, கண்ணாடி அறையைத் திரும்பிப் பார்த்துவிட்டு, வழி மட்டும் விட்டார்.

கேட்டில் வாட்ச்மேன் துளசிங்கம் ரெஜிஸ்டரை நீட்டினார். ஷிஃப்ட் நேரத்தில் வெளியே போகிறவர்கள் போகும் நேரம், காரணம், திரும்பும் நேரம் மூன்றையும் எழுத வேண்டும். பதினொன்று நாற்பது என்று எழுதினாள். காரணம் என்ற இடத்தில் பொன்னியின் பேரை எழுதினாள். கடைசிக் கட்டத்தை அப்படியே விட்டதும் அவர் விரலை வைத்துக் காட்டினார், காலியாக விட்டால் தன்னைக் கேட்பார்கள் என்றார்.

“வரலைன்னு போட்டுக்குங்கண்ணா.”

துளசிங்கம் பேனாவை வாங்கிக்கொண்டு அவளையே பார்த்தார். வெளியே வெயில் கொளுத்தியது. ஜி.எஸ்.டி. ரோடு வரைக்கும் நடந்துதான் போக வேண்டும். ஃபேக்டரி இன்ஸ்பெக்டர் ஆபீஸ் இருக்கும் செங்கல்பட்டுக்குப் போகிற பஸ் அங்கேதான் நிற்கும். துப்பட்டாவைத் தலையில் போட்டுக்கொண்டு நடந்தாள்.